இடப்பக்கம் சைப்பிரஸ் மரங்கள்

ஏப்ரல் 5, சனி

குளியல்தொட்டிக்குள் தலையணையைப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் தாழ்ப்பாள் உள்ள ஒரே கதவு குளியலறைக் கதவுதான். அப்பா தட்டினால் வயிற்றுப்போக்கு என்று சொல்லிவிடலாம். அதற்கு மேல் யாரும் விவரம் கேட்பதில்லை.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் மர்த்தினா. வகுப்பில் என் பையைக் கிளறுவதே அவளுக்குப் பொழுதுபோக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா என்னை உட்கார வைத்து 'ழ' எழுத வைத்தபோது, அது இப்படிப் பயன்படும் என்று நாங்கள் இருவருமே நினைக்கவில்லை.

இன்று சென்னையிலிருந்து வந்த ஏழு பேரைப் பீசாவுக்குக் கூட்டிப் போனோம். அப்பா ஒன்பது இருக்கை வான் வண்டியை ஓட்டுகிறார், கதையும் சொல்கிறார். தொஸ்கானா முழுவதும், அதாவது ஊரில் டஸ்கனி என்று சொல்லும் இந்த இத்தாலிய மாநிலம் முழுவதும், தமிழில் சுற்றிக் காட்ட ஆள் வேண்டுமென்றால் பொஜ்ஜிபோன்சியில் இருக்கும் என் அப்பா குகதாசனைக் கூப்பிட வேண்டும். பொஜ்ஜிபோன்சியைப் பார்க்க யாரும் வருவதில்லை. பார்க்கத் தகுந்த ஊர்களுக்குப் போகும் வழியில் இருப்பதுதான் அதன் சிறப்பு.

ஏழு பேரும் சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்குவது போலப் படம் எடுத்தார்கள். ஒருவர் காலால் உதைப்பது போல எடுத்தார்.

"ஏன் சார் சாஞ்சுது?" என்று அவர் கேட்டார்.

"கட்டினவன் ராசாவின்ர மச்சான். ஆயிரத்து நூத்து எழுபத்து மூண்டாம் ஆண்டு," என்றார் அப்பா.

எல்லோரும் தலையாட்டினார்கள். மச்சானுக்கு வேலை கொடுத்தால் என்ன நடக்கும் என்று அவர்களுக்கு ஊரிலேயே தெரியும்.

அப்பாவின் தொழிலில் இரண்டு விதிகள். கதையோடு ஓர் ஆண்டைச் சேர்த்துவிட்டால் யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். அது முதலாவது. உண்மையை வேகமாகச் சொல்ல வேண்டும், பொய்யை மெதுவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொய்யை விழுங்க ஆட்களுக்கு நேரம் வேண்டும். அது இரண்டாவது.

இருட்டுவதற்கு முன் வீட்டுக்கு வந்துவிட்டோம். கடவுளே, நன்றி.

ஏப்ரல் 6, ஞாயிறு

அம்மா வந்தார். புளோரன்ஸில் தொண்ணூற்றொரு வயதான ஒரு பணக்காரப் பெண்ணைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டிலேயே தங்குகிறார். வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் விடுமுறை. வந்ததும் செருப்பைக் கழற்றாமலேயே, "இஞ்சாருங்கோ, வானின்ர கண்ணாடி எங்க?" என்று கேட்டார்.

"ஒரு ஜெர்மன்காரன் தட்டிப்போட்டுப் போட்டான்," என்று அப்பா சொன்னார். மிகவும் மெதுவாகச் சொன்னார்.

அந்த ஜெர்மன்காரன் சூப்பர்மார்க்கெட் சுவர். பன்னிரண்டு வருடமாக அதே இடத்தில்தான் நிற்கிறது.

புட்டும் மீன்குழம்பும். நான் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டேன். வாய் நிறைய இருந்தால் பேச வேண்டியதில்லை.

ஏப்ரல் 9, புதன்

இன்று பள்ளிக்கூடம் போகவில்லை. விடுப்புக் கடிதத்தில் 'பல் பிடுங்கியது' என்று எழுதி அப்பாவின் கையெழுத்தைப் போட்டேன். பிப்ரவரியிலிருந்து இது மூன்றாவது பல். வகுப்பு டீச்சர் என் வாயைத் திறக்கச் சொல்லாதவரை பிழைத்தேன்.

ஏன் போகவில்லை என்பதை எங்காவது எழுதத்தான் வேண்டும்.

பிப்ரவரியில் ஒரு நாள் அப்பா மைக்கை என் கையில் தந்தார். "எனக்குத் தொண்டை கட்டியிருக்கு. நீ முன் சீற்றில இருந்து வர்ணனை சொல்லு பிள்ளை. ரோட்டில என்னென்ன தெரியுதோ எல்லாத்தையும் சொல்லு. அவைக்குப் பிடிக்கும்."

அவர்களுக்குப் பிடித்தது. எனக்கும் பிடித்தது. இரண்டு நாள் கழித்துத்தான், அந்த வர்ணனை பின்னால் இருப்பவர்களுக்காக அல்ல என்று எனக்குப் புரிந்தது.

இப்போது எங்களுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. 'இடப்பக்கம் சைப்பிரஸ் மரங்கள்' என்று நான் சொன்னால் பாதை இடப்பக்கம் வளைகிறது. 'வலப்பக்கம் திராட்சைத் தோட்டம்' என்றால் வலப்பக்கம். 'முன்னால் ஓர் அழகான கிராமம்' என்றால் வேகத்தைக் குறை. 'இந்த இடம் வரலாற்றுச் சிறப்பு மிக்கது' என்றால் சிவப்பு விளக்கு, நிறுத்து.

இன்று ஒரு மாமி இடப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "மரம் எங்க பாப்பா? பெட்ரோல் பங்க்குல்ல இருக்கு?" என்று கேட்டார்.

"வெட்டிட்டாங்கள் மாமி. ஆயிரத்துத் தொளாயிரத்து நாப்பத்து நாலில."

"அடப்பாவமே," என்றார்.

அப்பாவின் கண்ணுக்குக் களைப்பாம். அப்பா அப்படித்தான் சொல்கிறார், நானும் அப்படியே எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நாட்களில் அவர் தனியாக ஓட்டுகிறார். அந்த நாட்களில் தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எனக்கு ஏழாம் வாய்ப்பாடுகூட மறந்துபோகிறது.

ஏப்ரல் 10, வியாழன்

அம்மா வந்து போனார். நான் சொல்லவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. அப்பா குளித்து, பட்டு வேட்டி கட்டி, சாமிப் படங்களுக்கு முன்னால் தீக்குச்சியைக் கிழித்தார். திரி ஓரிடத்தில் இருக்க, தீக்குச்சி நாலு விரல் தள்ளி நின்றது. பிள்ளையாருக்கு வெறும் காற்றைக் கொளுத்திக் காட்டினார். குச்சி விரலைச் சுட்ட பிறகுதான் கையை உதறினார்.

"திரி நனைஞ்சு போச்சு," என்றார்.

நான் போய்க் கொளுத்தினேன். திரி நல்ல திரி.

தபாலில் சியெனாவிலிருந்து தண்டக் கடிதம் வந்திருக்கிறது. வாகனம் நுழையக் கூடாத தெருவுக்குள் எங்கள் வான் நுழைவதைக் கமெரா படம் பிடித்திருக்கிறது. இது மூன்றாவது. அங்கே உள்ள தடைப் பலகை புதிது என்கிறார் அப்பா. நான் பிறக்கும் முன்பே அது அங்கே இருந்தது. அதில் சிவப்பு வட்டம் தட்டு அளவுக்கு இருக்கும்.

அப்பாவுக்கு ஏழு வருடமாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. கண்ணைக் காட்டச் சொல்லி டாக்டர் கொடுத்த துண்டுச் சீட்டு, குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தின் கீழ் இருக்கிறது. அதன் மேல் பிட்சாக் கடையின் விலைப்பட்டியலும் இருக்கிறது. எது எதற்கு மேலே இருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 16, புதன்

நாளை முதல் ஈஸ்டர் விடுமுறை. பல் பிடுங்கத் தேவையில்லை.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு குழு வருகிறது. அவர்களுக்கு அனுப்ப வேண்டிய பயணக் குறிப்புகளை அப்பா சொல்லச் சொல்ல நான் போனில் தட்டினேன். இங்கே பாணில் உப்பு இருக்காது, சமையல்காரர் மறக்கவில்லை, சண்டைக்குப் போக வேண்டாம், ஊறுகாய் கொண்டு வரவும் என்று தொடங்கினோம். "ரொட்டி எண்டு போடு. பாண் எண்டால் அவைக்கு விளங்காது," என்றார் அப்பா. தேவாலயத்துக்குள் தோள் தெரியக் கூடாது, முழங்காலும் தெரியக் கூடாது, ஆகவே வேட்டியை மடித்துக் கட்ட வேண்டாம். காபியை நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை, கால் வலிக்கிறவர்கள் யோசித்து உட்காரவும். மத்தியானம் ஒரு மணிக்குச் சாத்தும் கடையை நாலு மணிவரை திறக்கமாட்டார்கள், முறை சொல்லிக் கூப்பிட்டாலும் திறக்கமாட்டார்கள். குளியலறையில் கழிப்பறைக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டித் தொட்டி இருக்கும். அது கால் கழுவ அல்ல, பின்பக்கம் கழுவ. போன வருடம் ஒருவர் அதில் ஒரு கிலோ திராட்சை கழுவி எல்லோருக்கும் பகிர்ந்து கொடுத்தார். அப்பாவும் இரண்டு சாப்பிட்டார், பிறகுதான் விவரம் தெரிந்தது.

நான் சேர்க்க நினைத்துச் சேர்க்காத குறிப்பு ஒன்று உண்டு. வண்டியின் முன் இருக்கையில் இருக்கும் சிறுமி பேசுவதை நிறுத்தினால், உடனே சீட் பெல்ட்டை இறுக்கவும்.

இன்று காலை இந்த நாட்குறிப்புக் கொப்பியைச் சாப்பாட்டு மேசையில் மறந்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுவிட்டேன். பாதி வழியில் நினைவு வந்து ஓடி வந்தேன். அப்பா மேசையில் இருந்தார். கொப்பி திறந்தபடி கிடந்தது, புத்தாண்டுப் பக்கம். அதன் மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்திருந்தார்.

"இது உன்ர வீட்டுவேலையோ பிள்ளை? கறை பட்டிருக்குமோ?" என்று கேட்டார்.

இனிமேல் இதை ஒளித்து வைக்கத் தேவையில்லை. ஆனாலும் ஒளித்து வைத்தேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

பொள்ளாச்சிக் குழுவின் தலைவர் சென்னியப்பன் ஐயா. தேங்காய் நார் மில் வைத்திருக்கிறார். கூட அவர் மனைவி ருக்மணி அம்மா. மற்ற ஐந்து பேரும் மகளைக் கொடுத்த இடத்துச் சம்பந்திகள். அதனால் வானுக்குள் மரியாதை தாங்க முடியவில்லை. ஜன்னலைத் திறப்பதற்குக்கூட ஒருவரிடம் ஒருவர் அனுமதி கேட்கிறார்கள். என்னை எல்லோரும் 'கண்ணு' என்று கூப்பிடுகிறார்கள்.

"ஏனுங்க குகன், நீங்க பேசறது கேரளாப் பக்கங்களா?" என்று சென்னியப்பன் ஐயா கேட்டார்.

"யாழ்ப்பாணம், ஐயா."

"அதானுங்க பாத்தேன். பாட்டாட்டம் இருக்குது."

சான் ஜிமிஞானோவுக்குப் போகும் வழியில், மலை விளிம்பில், அப்பா எப்போதும் நிறுத்தும் ஓர் இடம் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஊரும் கோபுரங்களும் ஒரே பார்வையில் தெரியும். எல்லோரையும் இறக்கி வரிசையாக நிற்க வைத்தார். கையை ஒரு பெரிய வட்டமாக வீசினார்.

"பாருங்கோ. பதினாலு கோபுரம். ஒரு காலத்தில எழுபத்திரண்டு இருந்தது. பக்கத்து வீட்டுக்காரனை விட ஒரு முழம் உயரமாக் கட்டோணும் எண்ட எரிச்சலில கட்டினது."

வேகமாகத்தான் சொன்னார். அது உண்மை.

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எங்கள் காலடியில் தொடங்கி அந்தப் பக்கம் வரை அரிசிக் கஞ்சியை ஊற்றி வைத்தது போல வெள்ளையாக மூடுபனி. கோபுரமும் இல்லை, ஊரும் இல்லை, மலையும் இல்லை. பாதையில் பனி இல்லாததால் நான் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. நான் பாதையை மட்டும் பார்க்கிறவள்.

"ஏனுங்க, எங்க கண்ணுக்கு ஒண்ணுமே தெரியலீங்களே," என்றார் சென்னியப்பன் ஐயா.

அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. அவர் முகத்தை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

பிறகு சிரித்தார். "தெரியிறதை எல்லாரும்தான் பாக்கினம், ஐயா. நீங்கள் சம்பந்தி வீட்டு ஆக்களோட வந்திருக்கிறியள், உங்களுக்கெண்டு ஒரு விசேஷம் வேண்டாமே? கண்ணை மூடுங்கோ. இப்ப நான் ஒவ்வொண்டாக் கட்டி எழுப்பிறன்."

ஏழு பேரும் கண்ணை மூடினார்கள். அப்பா பதினாலு கோபுரத்தையும் ஒவ்வொன்றாக எழுப்பினார். எது குட்டை, எதன் மேல் புல் முளைத்திருக்கிறது, எதில் மணி தொங்குகிறது, எல்லாம் சொன்னார். முடித்ததும் கை தட்டினார்கள். ஒரு சம்பந்தி வெறும் வெள்ளையைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார்.

வானில் ஏறியதும் அப்பா மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டார். "பனியோ?"

"ஓம்."

"எவ்வளவு?"

"முழுக்க."

"நீ சொல்லியிருக்கலாம்."

"நீங்கள் பாத்திருக்கலாம்."

அதற்குப் பிறகு ஆறு வளைவுகள். சைப்பிரஸையும் திராட்சையையும் தவிர நாங்கள் வேறு எதையும் பேசவில்லை.

ஏப்ரல் 19, சனி

பேனாவை அழுத்திப் பிடித்து எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக வந்தால் வரட்டும்.

வொல்தேரா மலைப்பாதை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். நான் மூச்சுவிடாமல் வர்ணித்துக்கொண்டு வந்தேன். ருக்மணி அம்மாவுக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது.

"காலைல இருந்து பேசிட்டே வருது புள்ள. வாயில எதாச்சும் போட்டுக்கோ கண்ணு," என்று பின்னாலிருந்து கையை நீட்டி, நான் மறுப்பதற்குள் ஓர் எள்ளுருண்டையை முழுதாக என் வாயில் திணித்துவிட்டார்.

பொள்ளாச்சி வெல்லம். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டிக்கொண்டன. திறக்க முடியவில்லை. அப்போதுதான் வளைவுக்கு அப்பால் சைக்கிள்கள் தெரிந்தன. மஞ்சள் உடுப்புப் போட்ட கிழவர்கள், ஏழெட்டுப் பேர், வரிசையாக மேலேறிக்கொண்டிருந்தார்கள். அப்பா வேகத்தைக் குறைக்கவே இல்லை.

நான் 'ம்ம்ம்' என்றேன். அப்பா, "என்ன பிள்ளை?" என்றார். நான் ஸ்டீரிங்கைப் பிடித்து இழுத்தேன்.

வான் பாறையில் உரசி நின்றது. கடைசிக் கிழவர் பயத்தில் சைக்கிளோடு முட்புதருக்குள் போனார். அவரை நாங்கள் தொடவில்லை. தொடவில்லை, தொடவில்லை. எங்களுக்கும் அவருக்கும் இடையில் ஒரு சாண் இருந்தது.

அவர் எழுந்து வந்தார். முழங்காலில் இரத்தம், தலைக்கவசத்தில் இலைகள். இந்த ஊர்க்காரர்கள் கோபம் வந்தால் சாமியைத்தான் திட்டுவார்கள். மாதாவின் பெயரைச் சொன்னார். அதற்கு முன்னாலும் பின்னாலும் எந்தெந்த மிருகங்களைச் சேர்த்தார் என்பதை நான் எழுதமாட்டேன்.

"என்னங்க கண்ணு சொல்றாரு?" என்று சென்னியப்பன் ஐயா கேட்டார்.

வெல்லம் அப்போதுதான் கரைந்தது. "மாதாவைக் கும்பிடுறார் ஐயா."

"நல்ல பக்தியான ஊருங்க," என்றார் அவர், பக்கத்திலிருந்த சம்பந்தியிடம்.

கிழவர் அப்பாவுக்கு முன்னால் வந்து நின்று, "நீ குருடனா?" என்று கேட்டார். இத்தாலியனில் கேட்டார், எங்கள் இருவருக்கு மட்டும்தான் புரிந்தது.

"வெயில் கண்ணில் அடித்துவிட்டது," என்றார் அப்பா.

வானம் முழுக்க மேகம்.

ருக்மணி அம்மா இறங்கி வந்து கிழவரின் முழங்காலைத் தன் கைக்குட்டையால் கட்டிவிட்டு, அவர் வாயிலும் ஓர் எள்ளுருண்டையைப் போட்டார். அதற்குப் பிறகு அவரும் திட்டவில்லை. திட்ட முடியவில்லை.

விடுதியில் இறக்கிவிட்டபோது சென்னியப்பன் ஐயா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா நினைச்சுக்காதீங்க குகன். நாளைக்கு நாங்க ரயில்ல போயிக்கறோமுங்க. சம்பந்திக்கு இந்த ஊரு ரயில் பாக்கோணும்னு ரொம்ப ஆசை." என் தலையில் கை வைத்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்தார். "அம்மாவிட்டச் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு. டாக்டரிட்ட, டீச்சரிட்ட, ஒருத்தரிட்டயும் சொல்லமாட்டன் எண்டு."

அப்பாவின் தலையில் கை வைத்துச் செய்த சத்தியத்தை உடைத்தால் அப்பாவுக்கு என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். உடைக்காவிட்டாலும் அதேதான் ஆகும் போலிருக்கிறது.

செய்துவிட்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். அம்மா தான் வேலை செய்யும் வீட்டிலிருந்து ஒரு பெரிய சாக்லேட் முட்டை கொண்டு வந்தார். அப்பா சீனி வருத்தத்தை மறந்து பாதி முட்டையைச் சாப்பிட்டார்.

"ஏன் பிள்ளை உன்ர நகமெல்லாம் தசையோட போயிருக்கு?" என்று அம்மா கேட்டார்.

"சோதனை வருது அம்மா."

எந்தச் சோதனை என்று நான் சொல்லவில்லை. ஆகவே பொய் இல்லை.

ஏப்ரல் 23, புதன்

அப்பாவின் ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்க வேண்டும். மே 6, செவ்வாய், காலை பத்து மணி, மருத்துவப் பரிசோதனை. கண் பரிசோதனையும் அதில் உண்டு. தெரிந்தவர்கள் பார்க்காமல் இருக்க, பக்கத்து ஊரில் உள்ள ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அப்பா பதிவு செய்திருக்கிறார்.

"அங்க சுவரில ஒரு எழுத்துப் பலகை இருக்கும். நீ போய்ப் படம் எடுத்துக்கொண்டு வா. நான் பாடமாக்கிறன். பள்ளிக்கூடத்தில இருந்து நான் பாடமாக்காத விஷயமோ?" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இது தேறினால் இன்னும் ஐந்து வருடம் ஓட்டலாம். ஐந்து வருடத்தில் எத்தனை வளைவுகள் வரும் என்று கணக்குப் போடத் தொடங்கினேன். நிறுத்திவிட்டேன்.

தேறாவிட்டால் என்ன என்பதையும் நினைக்கிறேன். வானுக்கு முன்னால் அப்பா விடுதிகளில் பாத்திரம் கழுவினார். அங்கே அவரை 'ஏய்' என்றுதான் கூப்பிட்டார்கள். வானுக்குள் மட்டும்தான் எல்லோரும் 'சார்' போடுகிறார்கள்.

ஏப்ரல் 26, சனி

அந்தப் பயிற்சிப் பள்ளிக்குப் பஸ்ஸில் போனேன். எனக்குப் பதினாலு வயது, மொபெட் உரிமம் எடுக்க விவரம் வேண்டும் என்று மேசையிலிருந்த பெண்ணிடம் சொன்னேன். அவள் படிவம் தேடப் பின்னறைக்குப் போனாள். பரிசோதனை அறைக் கதவு திறந்தே இருந்தது. எழுத்துப் பலகை நேரெதிரே, விளக்குப் பெட்டியில். படம் எடுத்தேன். அவ்வளவு தெளிவான படம், பலகையின் மூலையில் ஓர் ஈ உட்கார்ந்திருப்பதுகூடத் தெரிகிறது. ஈயின் கால்களை எண்ணலாம்.

மொபெட் படிவத்தையும் வாங்கிக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் முறையாக உரிமம் எடுக்க வேண்டாமா?

ஏப்ரல் 29, செவ்வாய்

பத்து வரிகள். நான் சமைக்கும்போது அப்பா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே பாடமாக்குகிறார். விரலாலேயே உரிக்கிறார், என்னைவிட நன்றாக உரிக்கிறார். வாய்ப்பாடு போல ராகம் போட்டு, இத்தாலியன் எழுத்துகளை, "எர்ரே, எஸ்ஸே, தி, ஆக்கா," என்று பாடுகிறார். நாலாம் வரிவரை வந்துவிட்டார்.

"இப்பிடிக் கெதியாப் படிச்சிருந்தால் நான் யாழ்ப்பாணத்திலயே டாக்டர்."

"ஆருக்கு அப்பா வைத்தியம் பாத்திருப்பியள்?"

"பல் பிடுங்கிற பிள்ளையளுக்கு," என்றார்.

விடுப்புக் கடிதங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கிறது. எவ்வளவு நாளாக என்று கேட்கவில்லை.

மே 1, வியாழன்

அம்மா வந்து போனார். அவர் இருந்த நேரம் முழுவதும் அப்பா மனதுக்குள் எழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. சாமி கும்பிடுகிறார் என்று அம்மா சந்தோஷப்பட்டார்.

ஐந்தாம் வரியும் அதற்குக் கீழே உள்ளவையும் இன்று சொல்லிக் கொடுத்தேன். படம் கொஞ்சம் மங்கலாக இருந்ததால் சில எழுத்துகளைத் திருத்தமாகச் சொல்ல முடிந்ததா என்று தெரியவில்லை.

சத்தியத்தை ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தது. பலகையைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

மே 4, ஞாயிறு

அப்பா பத்து வரியையும் தலைகீழாகச் சொல்கிறார். நான் ஒன்றும் திருத்தவில்லை.

மே 5, திங்கள்

தூக்கம் வரவில்லை. தொட்டி குளிர்கிறது. நாளைக்கு அப்பா என்னை எப்படிப் பார்ப்பார் என்று நினைக்கிறேன். பிறகு, எப்படியும் அவரால் என் முகத்தைச் சரியாகப் பார்க்க முடியாதே என்று நினைத்தேன். அது நல்ல பகிடி இல்லை.

மே 6, செவ்வாய்

நாலாவது பல்.

வானில்தான் போனோம். பின் இருக்கைகளில் யாரும் இல்லை, ஆனாலும் நான் மைக்கைப் பிடித்தேன். பழக்கம். சைப்பிரஸ், திராட்சை, அழகான கிராமம், வரலாற்றுச் சிறப்பு. அப்பா சந்தைத் திடலில் வானை நிறுத்தினார். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் அல்ல, ஒரு கோட்டுக்கு மேல்.

டாக்டர் ஒரு பெண். கழுத்தில் சங்கிலியில் கண்ணாடி தொங்கியது. கதவைச் சரியாகச் சாத்தவில்லை, நான் வெளி நாற்காலியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டேன். இரத்த அழுத்தம் பார்த்தார். விளக்குப் பெட்டியின் விசையைத் தட்டும் சத்தம் கேட்டது.

"மேலே உள்ள பெரிய எழுத்து?"

"ஏ," என்று அப்பா சரியாகச் சொன்னார்.

"ஐந்தாம் வரி, இடமிருந்து வலமாக."

ஒன்றும் கேட்கவில்லை. நான் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். அப்பாவுக்கு ஐந்தாம் வரி தெரியும், நான் சொல்லிக் கொடுத்த ஐந்தாம் வரி. வாயைத் திறந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். மேசையிலிருந்த பெண் ஒரு தாளைக் கிழித்தாள். அதன் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது.

"டாக்டர், எழுத்துகள் எனக்கு மனப்பாடம்," என்றார் அப்பா. "பலகைதான் தெரியவில்லை."

டாக்டர், "எவ்வளவு காலமாக?" என்று கேட்டார்.

"கொஞ்ச நாளாக," என்று மெதுவாகத் தொடங்கினார். பிறகு வேகமாகச் சொன்னார். "நவம்பரிலிருந்து. இருட்டில் ஒன்றும் தெரியாது. பகலில் நடுவில் கறுப்பாக மிதக்கிறது. மகள்தான் பாதை சொல்கிறாள்."

அதற்குப் பிறகு டாக்டர் பேசியவை எல்லாம் கோபமாக இருந்தன, ஆனால் அப்பாவை 'நீங்கள்' என்றுதான் சொன்னார். உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டார். அவராகவே சியெனா ஆஸ்பத்திரிக் கண் பிரிவுக்குப் போன் செய்து, திங்கட்கிழமைக்கு நாள் வாங்கினார். ஊசி போடலாம், லேசர் செய்யலாம், போனதெல்லாம் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், இன்னும் ஒரு வருடம் இப்படியே விட்டிருந்தால் அதுவும் இல்லை என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் மொபெட் படம் ஒட்டியிருந்தது.

வெளியே வந்ததும் அப்பா வானின் சாவியை என் கையில் தந்தார். எங்கள் இருவருக்குமே ஓட்ட உரிமம் இல்லாததால் வான் அங்கேயே, கோட்டுக்கு மேலேயே, நிற்கிறது. பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம்.

அப்பா ஐந்தாம் வரியைப் பாடினார். நான் சொல்லிக் கொடுத்தபடியே, ஓர் எழுத்தும் விடாமல்.

"எத்தினை மாத்தினனி?" என்று கேட்டார்.

நான் சாவியைக் கைக்குள் திருப்பினேன். "அந்த வரியில நாலு. கீழ எல்லாம் மாத்தினனான்."

"நான் ரெண்டு எண்டு நினைச்சன்."

"எப்பிடித் தெரியும்?"

"முதல் நாலு வரியையும் ஓடி ஓடிச் சொல்லித் தந்தாய். ஐஞ்சாம் வரிக்கு வந்தோண்ண உன்ர குரல் இறங்கி மெதுவாப் போச்சு. பீசாக் கோபுரத்துக்கு நான் போடுற குரல். என்னட்டையே போடுறாய்."

"தெரிஞ்சும் ஏன் பாடமாக்கினீங்கள்?"

அப்பா பாதையைப் பார்த்தார். அவருக்கு அங்கே என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. "நீ அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்லித் தந்தனி," என்றார்.

பஸ் வந்தது. அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். வியாழக்கிழமை அம்மா வந்ததும் தானே சொல்வதாகச் சொன்னார். முதலில் என் கையைத் தன் தலையில் வைத்து, ஏதோ முணுமுணுத்து, பழைய சத்தியத்தை எடுத்துவிட்டார். அப்படி எடுக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸுக்குள் எடுத்தால் செல்லுமா என்றும் தெரியாது.

"வானை ஆராவது ஓட்டட்டும். நான் பின்னால இருந்து பொய் மட்டும் சொல்லுறன். அதுக்கு ஒருத்தனும் கண் பரிசோதனை வைக்கேல்லை," என்றார்.

பஸ் முதல் வளைவில் திரும்பியது. அப்பாவின் வலது கால் தரையில் பிரேக்கைத் தேடியது.

"வெளியில என்ன பிள்ளை?"

"இடப்பக்கம் சைப்பிரஸ் மரங்கள்," என்று தொடங்கினேன். பிறகு வெளியே பார்த்தேன். டயர்க் கடை, பூட்டின இறைச்சிக் கடை, பல்கனியில் காயும் ஆறு உள்ளாடைகள், அதில் ஒன்று கிழிசல், அதற்குக் கீழே ஒரு நாய், நாய்க்கு மூன்று கால், அது இன்னொரு நாயைத் துரத்துது, பிடிக்கப்போகுது அப்பா, இல்லை பிடிக்கேல்லை, இப்ப ஒரு பாலம், பாலத்துக்குக் கீழ தண்ணி இல்லை, ஒரு கிழவர் மஞ்சள் உடுப்போட சைக்கிளில் வாறார்.

மூச்சு வாங்கியது. முன் இருக்கையில் இருந்த பெண் திரும்பி எங்களைப் பார்த்தாள்.

"முழங்காலில கட்டுப் போட்டிருக்கிறாரோ?" என்று அப்பா கேட்டார்.

"இல்லை. இவர் வேற ஆள்."

"பாத்துப் போகட்டும்," என்றார் அப்பா.